கழற்றுவதற்கு முன் ஒரு வரி

கணினி வலையமைப்பைக் கற்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தன்னைப் பற்றி எதையும் சொல்லாது என்பதைத்தான். அதில் ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் செய்தால், திரையில் எது நடந்தாலும் 'நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று மனம் உடனே சமாதானம் சொல்லிக்கொள்கிறது; எழுதிய வரி அப்படித் தப்பிக்க விடுவதில்லை.

நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிபவள் அல்லள். ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சிக்காகச் சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை பயன்படுத்தப்படாமல் கிடந்ததால் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கம்பி முதல் செயலி வரை வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பிக்கும் அளவுக்கு அங்கே பழக்கினார்கள். செய்முறைப் பயிற்சியும் உண்டு. ஆனால் எந்தக் கட்டளையை எப்போது தட்ட வேண்டும் என்பது தாளில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது, தட்டியவுடன் எல்லாம் நடந்தது, கடைசி நாளில் சான்றிதழும் கிடைத்தது. எதுவும் பிசக வாய்ப்பே இல்லாத அந்தப் பயிற்சியில் எனக்கு எதுவும் தங்கவில்லை. வீட்டில் தனியாகச் சில கருவிகளை வைத்துக்கொண்டு குடைய ஆரம்பித்த பிறகுதான் அந்த ஏழு அடுக்குகள் எதற்கு என்பதே பிடிபட்டது.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு மேசைக் கணினிகள் பழைய பொருள்களை விற்கும் கேரோசெல் தளத்தில் நூறு வெள்ளி அளவில் கிடைக்கின்றன. கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஐந்து போர்ட் சுவிட்ச், கேபிள் சுருள், கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பர், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் ஆகியவற்றைச் சிம் லிம் ஸ்கொயர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படாமல் இருந்திருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம்: அலுவலகங்களிலிருந்து வரும் பழைய பெரிய சர்வர். வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் அதன் விசிறிச் சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது ஒருபுறம். 100 வாட் இழுக்கும் ஒரு கருவி ஆண்டு முழுவதும் ஓடினால் 876 யூனிட் ஆகும், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டாலும் 260 வெள்ளிக்கு மேல் மின்கட்டணம். 10 வாட்டில் ஓடும் சிறு கணினிக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான்.

சோதனைக்கான கருவிகள் எல்லாம் இரண்டாவது ரௌட்டர் ஒன்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அந்த ரௌட்டர் தன் பக்கத்துக் கருவிகளுக்குத் தரும் எண் முகவரிகளின் வரிசை வீட்டு ரௌட்டரின் வரிசையிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். வீட்டில் 192.168.1 என்றால் சோதனைப் பக்கம் 10.10.10 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள். இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தால், வெளியே அனுப்ப வேண்டியது எது, உள்ளேயே கொடுக்க வேண்டியது எது என்று அந்த ரௌட்டருக்குத் தெரியாமல் போய்விடும். இந்தப் பிரிவினை இல்லாமல் சோதனை செய்தால் மாமியார் தொடர் பார்க்கும் நேரத்தில் வீட்டு இணையம் நின்றுபோகும். அதன் விளைவுகளை எந்தப் பாடநூலும் சொல்லித் தருவதில்லை.

நம்முடையது அல்லாத எதையும் தொடக் கூடாது என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது. சிங்கப்பூரில் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1993 முதல் இருக்கிறது. பூட்டப்படாத பக்கத்து வீட்டு வைஃபையைப் பயன்படுத்திய ஒரு பதின்ம வயதினருக்கு 2007இல் நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. புளோக்கில் நம் கணினிக்குத் தெரியும் இருபது வைஃபை பெயர்களில் நமக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று.

என் தங்கையின் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன், சனிக்கிழமைகளில் வந்துவிடுவான். அவனுக்கு நான் கொடுத்த முதல் வேலை, ஒரு கேபிளைத் தெரிந்தே தவறாகச் செய்வது. ஈத்தர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் துணையாக அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி. வழக்கமான டி568பி முறையில் 1, 2ஆம் பின்களில் ஆரஞ்சு இணையும், 4, 5இல் நீல இணையும், 7, 8இல் பழுப்பு இணையும் போகும். பச்சை இணை மட்டும் பிரிந்து, நீலத்தை நடுவில் விட்டு, 3இலும் 6இலும் உட்காரும். தொலைபேசி இணைப்பு நடுவில் உள்ள இரண்டு பின்களைப் பயன்படுத்தி வந்ததால் அவற்றுக்கு வழிவிட்டு அமைந்த ஏற்பாடு இது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது கோணலாகத்தான் தெரியும். அந்தக் கோணலை நேராக்கி, நான்கு இணைகளையும் அடுத்தடுத்து, இரு முனைகளிலும் ஒரே வரிசையில் பொருத்தும்படி அவனிடம் சொன்னேன். 'ஒன்று முதல் எட்டுவரை நேராகப் போனால் கேபிள் வேலை செய்யும்' என்று நோட்டில் எழுதினான். டெஸ்டரில் விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுவரை பிசகாமல் எரிந்தன.

"பெரியம்மா, எட்டு லைட்டும் வரிசையா எரியுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"சுவிட்ச்சுல சொருகுடா. அது என்ன வேகம் சொல்லுதுன்னு பாப்போம்."

இருபது மீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிளில் 1 கிகாபிட் இணைப்பு வந்து வந்து அறுந்தது. பிறகு சுவிட்ச் சலித்துப்போய் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. காரணத்தைத் தேடியபோதுதான் முறுக்கு எதற்கு என்பது அவனுக்கு விளங்கியது. ஒரு சமிக்ஞை, இணையின் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. கம்பிகள் முறுக்கியிருப்பதால் அக்கம்பக்கத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. பெறும் முனை இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால் அந்த இரைச்சல் கழிந்துபோகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. எங்கள் கேபிளிலோ 3ஆம் பின்னில் பச்சை இணையின் கம்பி ஒன்றும், 6ஆம் பின்னில் நீல இணையின் கம்பி ஒன்றும் இருந்தன. ஒரே சமிக்ஞையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அவ்விரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல், தத்தமக்குத் தொடர்பில்லாத கம்பியுடன் முறுக்கப்பட்டிருந்தன. மின்சாரம் மறுமுனையை எட்டுகிறதா என்பதை மட்டுமே அந்த மலிவான டெஸ்டர் கேட்கும். எந்தக் கம்பி எதனுடன் ஜோடி என்று அது கேட்பதே இல்லை. ஓஎஸ்ஐ மாதிரியின் முதல் அடுக்கை ஒரு மணி நேரம் ஸ்லைடில் பார்த்தபோது கிடைக்காதது இந்தக் கெட்ட கேபிளில் கிடைத்தது. இதே கேபிள் ஒரு மீட்டர் நீளத்தில் இருந்திருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

கேபிளை ஒழுங்காகச் செய்த பிறகு இரண்டு கணினிகளுக்கு இடையே ஐபெர்ஃப் கொண்டு வேகத்தை அளந்தோம். இங்கே இணையச் சந்தா வாங்கும் பலரும், '1 கிகாபிட் என்று சொல்லிவிட்டு 940தான் தருகிறார்கள்' என்று குறைப்படுவதுண்டு. வெளி இணையமே இல்லாத எங்கள் மேசையிலும் அளவி 941 மெகாபிட் என்றுதான் காட்டியது. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இந்த 59 எங்கே போனது என்று தேடாமல் தூக்கம் வராது. கம்பியில் ஒரே தடவையில் செல்லும் தரவுத் துண்டான ஈத்தர்நெட் சட்டகம் ஒன்றில் 1,500 பைட் ஏற்றலாம். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20, நேர முத்திரைக்கு 12 போனால் மீதி 1,448. சட்டகத்தின் முன்னும் பின்னும் முன்னறிவிப்பு, தலைப்பு, சரிபார்ப்பு, இடைவெளி என்று 38 பைட் நேரம் கம்பியில் செலவாகிறது. ஆக ஒவ்வொரு 1,448க்கும் கம்பி 1,538 கொடுக்கிறது. வகுத்தால் 0.9415. எவரும் எதையும் திருடவில்லை, அது கட்டுக்கூலி. 941க்குக் கணிசமாகக் குறைந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை முகவரி வழங்கும் சேவையை, அதாவது டிஎச்சிபியை, நடுவில் நிறுத்துவது. கணினியை வலையமைப்பில் சொருகியதும் அது 'யாராவது இருக்கிறீர்களா' என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவுகிறது. சர்வர் ஒரு முகவரியைக் காட்டுகிறது. கணினி அதையே கேட்கிறது. சர்வர் உறுதி செய்கிறது. இந்த நான்கு செய்திகளையும் வலையமைப்பில் போகும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்ப்பது எளிது, பார்த்தவுடன் மறந்துபோவதும் எளிது. ஆகவே சோதனைப் பக்கத்தில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற முகவரி வழங்கும் நிரலைப் போட்டு, முகவரி செல்லுபடியாகும் காலத்தை, அதாவது தவணையை, அது அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவான இரண்டு நிமிடத்துக்கு இறக்கினோம். முகவரி கிடைத்தவுடன் சர்வரை நிறுத்துவது. கணினியின் இணைப்பு எப்போது அறும்? 'உடனே' என்று அவன் எழுதினான். கேட்கும் பெரும்பாலோர் இதையே சொல்கிறார்கள்.

உடனே எதுவும் நடக்கவில்லை. இரு கணினிகளும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. சரியாகப் பாதித் தவணையில், அறுபதாவது நொடி அளவில், கணினி தனக்கு முகவரி தந்த சர்வருக்கு மட்டும் நேரடியாக ஒரு கோரிக்கை அனுப்பியது; பதில் இல்லை. தவணையில் எட்டில் ஏழு பங்கு கழிந்தபோது, அதாவது நூற்றைந்தாவது நொடியில், அந்தச் சர்வரை நம்புவதை விட்டுவிட்டு, வேறு யாராவது நீட்டித் தருவார்களா என்று எல்லாருக்குமாகக் கேட்டது. நூற்றிருபதில் முகவரியைக் கைவிட்டது, பிங் நின்றது. கொஞ்ச நேரம் தேடி அலுத்த பிறகு விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைப் போட்டுக்கொண்டது. அலுவலகத்தில் யாராவது கணினியில் 169.254 என்று காட்டுகிறது என்று சொன்னால், இணையச் சேவை நிறுவனத்தை அழைக்கும் முன் முகவரி தரும் சேவையைப் பாருங்கள் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. காலையில் செத்த சர்வரின் பாதிப்பு ஏன் மாலையில், அதுவும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் தெரிகிறது என்ற புதிரும் இதில் அவிழ்ந்துவிடுகிறது: தவணை எட்டு மணி நேரமாக இருந்தால் அறுந்துபோவதும் அவரவர் கணினியைப் போட்ட நேரத்தைப் பொறுத்தே நடக்கும்.

லினக்ஸ் கணினியிலும் இதற்கு உறவான ஒரு சோதனை உண்டு. ஒரு நிரல் எழுதிக்கொண்டே இருக்கும் பெரிய பதிவுக் கோப்பை, நிரல் ஓடும்போதே அழித்துவிட்டு, வட்டில் எவ்வளவு இடம் திரும்பியது என்று பார்க்க வேண்டும். ஒரு பைட்கூடத் திரும்பாது. கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு; நாம் அழித்தது கோப்புறையில் இருந்த பெயரை மட்டும். நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இயங்குதளம் இடத்தை விடுவிக்காது. நிரலை நிறுத்திய நொடியில் இடம் முழுவதும் வந்துவிடும். வட்டு நிறைந்த சர்வரில் பெரிய கோப்புகளை எல்லாம் அழித்த பின்னும் வட்டு நிறைந்தே இருக்கிறது என்று விழி பிதுங்குபவர்களுக்கு இந்த இரண்டு நிமிடச் சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொலைவைப் பற்றியும் கையால் அளந்து அறியலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைத்து 2002இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிநொடி. இதற்குக் குறைவாக அந்த வழியில் எவராலும் பதில் தர முடியாது. இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு நாளிதழின் தளத்துக்குப் பிங் அனுப்பினோம். 3 மில்லிநொடியில் பதில் வந்தது. அப்படியானால் பதில் சொன்னது சென்னையில் இருக்க வாய்ப்பே இல்லை. அந்தத் தளத்தின் நகலை இந்தத் தீவிலேயே வைத்திருக்கும் ஒரு சர்வர்தான் எங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சென்னையில் ஒரு தோழி, தன் வீட்டுக் கணினிக்கு அனுப்பிப் பார்க்கச் சம்மதித்தாள். அங்கிருந்து 40ஐ ஒட்டி வந்தது. சில நாள்களில் அதே வீட்டுக்கு 200க்கு மேல் ஆகிறது. இரண்டு நிறுவனங்களின் வலையமைப்புகள் அருகில் கைகோக்காமல் வேறொரு கண்டத்தில் சந்தித்துக்கொண்டால் பொதி, அதாவது தரவுத் துண்டு, அவ்வளவு தூரம் சுற்றித்தான் வர வேண்டும்.

எங்கே சுற்றுகிறது என்று காட்டுவது டிரேஸ்ரூட். ஒவ்வொரு ஐபி பொதியிலும் ஓர் ஆயுள் எண் இருக்கிறது. கடக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கிறது. பூஜ்ஜியம் ஆனால் பொதியைக் கொன்றுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்கிறது. டிரேஸ்ரூட் வேண்டுமென்றே ஆயுள் 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, கொன்றவர்களின் முகவரிகளைச் சேகரிக்கிறது. வழி தவறிய பொதி என்றென்றும் சுற்றாமலிருக்க வைத்த ஏற்பாட்டை வரைபடம் போடப் பயன்படுத்திய வான் ஜேக்கப்சனின் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஈத்தர்நெட் சட்டகத்தில் இந்த ஆயுள் எண் கிடையாது. அதன் பொருளை உணர ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே மலிவு சுவிட்ச்சில் சொருகினால் போதும், சோதனைப் பக்கத்தில் மட்டும். 'தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும், வேறொன்றும் ஆகாது' என்று அவன் எழுதியிருந்தான். யாரோ ஒருவர் எல்லாருக்குமாக அனுப்பிய ஒரே ஒரு சட்டகம் அந்த வளையத்தில் ஏறியதும் சுவிட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தன, பிங் முழுவதும் நின்றது, கேபிளை உருவிய கணமே எல்லாம் அடங்கியது. அந்தச் சட்டகத்தைக் கொல்ல யாருமில்லை, ஆகவே அது பெருகிக்கொண்டே போனது. ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பேனிங் டிரீ நெறிமுறை இப்படிப்பட்ட வளையங்களைக் கண்டறிந்து ஒரு போர்ட்டை அடைத்துவைக்கிறது. விலை கூடிய சுவிட்ச்சுகளில் நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி அதற்குத்தான்.

இப்போது இணையப் பெயர்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூருக்கு 2011 முதல் தமிழிலேயே ஒரு உயர்நிலை டொமைன், அதாவது இணைய முகவரியின் கடைசிப் பகுதி, உண்டு: .சிங்கப்பூர். 1995இல் இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிய நா. கோவிந்தசாமியும், 1990களின் இறுதியில் பிற எழுத்துகளில் டொமைன் பெயர்களுக்கு வழி தேடிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் உழைத்த ஊர் இது என்பதால் அதைக் கழற்றிப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் பெயர்ச் சர்வர்கள் எவை என்ற வினவலை அனுப்பி, பொதியைப் பிடித்தோம். தமிழ் எழுத்துகள் யூனிகோட் பைட்களாகப் போகும் என்று அவன் எழுதினான். பொதிக்குள் தமிழே இல்லை. எக்ஸ், என் என்ற இரு ரோமன் எழுத்துகள், இரண்டு இணைப்புக்கோடுகள், அவற்றைத் தொடர்ந்து பொருளற்றதுபோல் தோன்றும் ரோமன் எழுத்துகளும் எண்களும் மட்டும். டொமைன் பெயர்களை ரோமன் எழுத்து, எண், இணைப்புக்கோடு என்று மட்டுமே எதிர்பார்த்துப் பழகிய பழைய கருவிகள் குழம்பாமலிருக்க, 2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோட் முறைப்படி நம் கணினியே அனுப்பும் முன் மாற்றிவிடுகிறது.

அடுத்ததாக எங்கள் சோதனைப் பக்கத்தின் பிரிண்டருக்கும் கணினிகளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கப் போகிறோம். உலாவி அந்தப் பெயர்களை மாற்றிக்கொள்ளும் என்பது தெரியும். கட்டளை வரியில் பிங் அதைச் செய்யுமா என்பது கேள்வி. 'செய்யாது' என்று அவன் எழுதியிருக்கிறான். லினக்ஸில் செய்யும், விண்டோஸில் செய்யாது என்பது என் வரி.